எண்ணெய் இறங்கிய மண்: சுன்னாகம் முதல் கொட்டாஞ்சேனை வரை

2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெள்ளவத்தை வீடுகள் பலவற்றில் கிணற்றைப் பற்றித்தான் பேச்சு. கொழும்பில் குழாய்த்தண்ணீர் வருகிறது. பேசப்பட்டது ஊர்க் கிணறு. சுன்னாகம், மல்லாகம், ஏழாலை, தெல்லிப்பழைப் பக்கத்தில் வாளியை இறக்கி அள்ளினால் தண்ணீரின்மேல் எண்ணெய்ப் படலம் மிதக்கிறது, டீசல் மணக்கிறது, பவுசர் வரும்வரை கலனோடு காத்து நிற்கிறோம் என்று அங்கிருந்து தொலைபேசியில் சொன்னார்கள். இங்கிருந்தவர்கள் திருப்பிக் கேட்டது ஒரே கேள்விதான்: கிணற்றை இறைத்துவிட்டால் சரிவராதா?

சரிவராது. எண்ணெய் இருப்பது கிணற்றில் அல்ல, கிணற்றைச் சுற்றியுள்ள மண்ணிலும் பாறை வெடிப்பிலும். இறைக்க இறைக்க அங்கிருந்து ஊறி வந்துகொண்டே இருக்கும்.

சுன்னாகம் மின்நிலைய வளாகத்தைச் சுற்றிய 150 கிணறுகளை 2013 நவம்பருக்கும் 2014 ஜூலைக்கும் இடையில் நீர் வழங்கல் சபையினர் ஆராய்ந்தபோது 109 கிணறுகளில் எண்ணெயின் அளவு வரம்பு மீறி இருந்தது. வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழுவோ அபாயகரமான அளவில் எண்ணெய் இல்லை என்றது. விவகாரம் அடிப்படை உரிமை மனுவாக உயர் நீதிமன்றம் போனது. 2019 ஏப்ரல் 4ஆம் திகதி வந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டின்படி, அங்கே உலை எண்ணெயில் மின்சாரம் உற்பத்தி செய்த நொதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்றது.

ஒரு தரப்பு எண்ணெய் உண்டு என்கிறது, மறு தரப்பு இல்லை என்கிறது. சாதாரண வாசகருக்கு இதில் அரசியல்தான் தெரியும். அரசியலுக்கு வெளியே இன்னொரு காரணமும் இருக்கக்கூடும்: சோதனை முறை. ‘எண்ணெயும் கிறீசும்’ என்ற சோதனையில் நீரை ஒரு கரைப்பானோடு குலுக்கி, கரைப்பானை ஆவியாக்கி, மிஞ்சியதை நிறுப்பார்கள். அது சமையல் எண்ணெயையும் இலைமெழுகையும் உலை எண்ணெயோடு சேர்த்தே நிறுத்துவிடும். மாறாக பென்சீன், தொலுயீன் போன்ற ஆவியாகும் சேர்வைகளை மட்டும் தேடினால், அவை மிகக் குறைவாகவே உள்ள உலை எண்ணெய் கண்ணுக்கு முன்னால் மிதந்தாலும் அறிக்கையில் ஒன்றும் வராது. பெற்றோலுக்குச் சரியான சோதனை உலை எண்ணெய்க்குச் சரியல்ல. எதைத் தேடினார்கள், எந்த முறையில் தேடினார்கள் என்று கேட்காமல் ‘இருக்கிறது’, ‘இல்லை’ என்ற இரண்டில் எதையும் நம்பக்கூடாது.

கொழும்புக்கு இதில் என்ன? துறைமுகத்தில் இறங்கும் எரிபொருள் நிலக்கீழ்க் குழாய்களில் புளூமெண்டால் பக்கமாகக் கொலன்னாவைத் தாங்கிகளுக்குப் போகிறது. பழைய குழாய்கள், சில இடங்களில் அவற்றின் மேலேயே வீடுகள். 1995 ஒக்டோபர் 20ஆம் திகதி கொலன்னாவை, ஒருகொடவத்தைத் தாங்கிகள் தாக்கப்பட்டு எரிந்ததைக் கொட்டாஞ்சேனை மொட்டைமாடிகளில் நின்று பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். புகை கலைந்து போகும். நிலத்தில் இறங்கியது அப்படிப் போகாது. தெமட்டகொடையில் ரயில் எஞ்சின் தரிப்பிடம், காலி வீதி நெடுக பெற்றோல் ஷெட்டுகள், ஒழுங்கைக்கு ஒன்றாகக் கராஜ், மாடிக்குடியிருப்புக்கு ஒன்றாக ஜெனரேற்றர். 2022இல் எரிபொருளுக்கு நாட்கணக்காக வரிசையில் நின்ற காலத்தில் போத்தலிலும் கலனிலும் பீப்பாயிலும் பெற்றோல் வீட்டுக்குள் வந்து இருந்ததையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெரிய விபத்துக்குச் செய்தி வரும். சிறு ஒழுக்கு செய்தி ஆகாது, ஆனால் நாளும் நடக்கும்.

கொட்டாஞ்சேனையில் ஏதாவது ஒரு சிறு கராஜில் ஒயில் மாற்றுவதைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆணியைக் கழற்றியதும் ஒயில் பாதியாக வெட்டிய கலனுக்குள் விழுகிறது. தவறி விழுவதன் மேல் மரத்தூளைத் தூவுகிறார்கள். பின்னேரம் அதைக் கூட்டிக் கானோரமாய்க் குவித்துவிட்டு, தரையைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவுகிறார்கள். மரத்தூள் தூவியது நல்ல வேலை. சோப்புத்தூள்தான் கெடுத்தது. மேலே ஒட்டிக்கொண்டு கிடந்திருக்க வேண்டிய எண்ணெயைச் சிறு துளிகளாக உடைத்து, தண்ணீரோடு மண்ணுக்குள் அனுப்பி வைத்தது அதுதான். சுத்தமான தரையை முதலாளிக்குக் காட்டலாம். கீழே உள்ள மண்ணை யார் பார்க்கப் போகிறார்கள்?

கானில் மினுங்குவதெல்லாம் எண்ணெய் அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இரும்பு கலந்த சேற்றுநீரில் பற்றீரியா விடும் படலமும் வானவில் நிறம் காட்டும். ஒரு குச்சியால் கலக்கிப் பாருங்கள். பற்றீரியாப் படலம் துண்டு துண்டாக உடைந்து அப்படியே நிற்கும். எண்ணெய் என்றால் சுழன்று மறுபடி ஒன்றுசேரும். வெள்ளவத்தைக் கால்வாய்க் கரையில் காசு செலவில்லாமல் செய்யக்கூடிய சோதனை இது. ஆய்வுகூடத்துக்கு மாதிரி அனுப்பு முன் இதைச் செய்துவிடலாம்.

மண்ணுக்குள் இறங்கிய எரிபொருள் ஒரே வடிவத்தில் இருப்பதில்லை. கொஞ்சம் ஆவியாகி மண்துளைகளில் நிற்கும். கொஞ்சம் மண்துகளில் ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் தண்ணீரில் கரையும். மிகுதி, தரைக்கீழ் நீரின் முகட்டில் தனி எண்ணெயாக மிதக்கும். பருவமழையில் நீர்மட்டம் ஏறும்போது மிதக்கும் எண்ணெயும் ஏறும். வெயிலில் இறங்கும்போது அதுவும் இறங்கும். ஏறி இறங்கும் உயரம் முழுக்க மண்ணில் அது பூசப்பட்டுவிடும். வருடத்தில் இரண்டு மழைக்காலம் காணும் கொழும்பில் இந்தப் பூச்சு தடிப்பாகவே இருக்கும். ஆகவே எந்த மருந்தும் போடு முன் செய்ய வேண்டியவை இரண்டு: ஒழுக்கை நிறுத்துவது, மிதக்கும் எண்ணெயை உறிஞ்சி எடுப்பது. இந்த இரண்டையும் செய்யாமல் பற்றீரியாவையோ இரசாயனத்தையோ மண்ணில் ஊற்றுவது வீண்செலவு. சென்னைத் தண்டையார்ப்பேட்டையில் 2013இல் வீட்டுக் கிணறுகளிலும் ஆழ்துளைகளிலும் எரிபொருள் வந்தபோதும் முதல் வேலை இதுதான். துறைமுகத்திலிருந்து வந்த குழாயில் கசிவைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மண்ணைத் தேற்றும் பேச்சு பிறகுதான் வந்தது. துறைமுகம், பழைய குழாய், நெருக்கமான வீடுகள் என்ற மூன்றும் சேர்ந்திருப்பதால் கொட்டாஞ்சேனைக்காரர் படிக்க வேண்டிய வழக்கு அது.

இனி மருந்து. இரசாயன வழியில் பழையதும் பேர்போனதும் பென்ரனின் தாக்கம். 1894இல் பென்ரன் விவரித்த சேர்க்கை ஐதரசன் பரவொட்சைட்டும் இரும்பு உப்பும். இரண்டும் சேர்ந்தால் மிக வேகமாகத் தாக்கும் மூலிகங்கள் உண்டாகும். அவை எதிர்ப்படும் ஐதரோகாபனை உடைத்துக் கடைசியில் காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் ஆக்கிவிடும். மாதக்கணக்கில் ஆகும் வேலை நாட்கணக்கில் முடியும். ஆனால் தாக்கம் நன்றாக நடக்க அமிலச்சூழல் வேண்டும், பிஎச் 3 அளவில். இங்கேதான் இடம் முக்கியமாகிறது. யாழ்ப்பாணத்தின் அடிநிலம் சுண்ணாம்புக்கல். ஊற்றும் அமிலத்தை அது குடித்துவிடும். நீரில் உள்ள இருகாபனேற்று மூலிகங்களையும் விழுங்கிவிடும். கொழும்பின் மேட்டுநிலச் செம்மண்ணிலும் கபுக்கல்லிலும் அமிலத்தன்மையும் இரும்பும் இயல்பாகவே உண்டு. பென்ரன் முறை சுன்னாகத்தைவிடக் கொட்டாஞ்சேனை மேட்டுக்கு நெருங்கியது. அங்கேயும் ஒரு தொல்லை: மண்ணின் இரும்பு ஒட்சைட்டு பரவொட்சைட்டைக் கண்டபடி சிதைத்து, எண்ணெயைத் தொடும் முன்பே செலவழித்துவிடக்கூடும். கொலன்னாவைச் சதுப்பு இன்னும் மோசம். உக்கிய தாவரங்கள் நிறைந்த அந்தக் கறுப்புச் சேற்றில் ஒட்சியேற்றியின் பெரும்பகுதி எண்ணெயை விட்டுவிட்டுச் சேற்றின் சேதனப் பொருளையே எரிக்கும்.

ஆபத்தும் சொல்லப்பட வேண்டும். பரவொட்சைட்டுத் தாக்கம் வெப்பத்தையும் ஒட்சிசன் வாயுவையும் விடும். பெற்றோல் ஆவி நிற்கும் மண்ணில், இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு நடுவே, அதைச் செய்வதற்கு ஒருவருக்கு மிகுந்த தைரியமோ மிகுந்த அறியாமையோ வேண்டும். சோடியம் பேர்சல்பேற்று இதைவிடப் பொறுமையானது. மண்ணில் வாரக்கணக்கில் நின்று வேலை செய்யும். முடிவில் அது விட்டுச்செல்லும் சல்பேற்றை, ஒட்சிசன் இல்லாத இடத்தில் வாழும் சில நுண்ணங்கிகள் மூச்சுக்குப் பயன்படுத்திக்கொள்ளும்.

நம் வீடுகளில் கிணற்றுக்குப் போடும் கொண்டிஸ், அதாவது பொற்றாசியம் பரமங்கனேற்று, டீசலுக்கோ பென்சீனுக்கோ மருந்தல்ல. குளோரீன் ஏறிய சில கரைப்பான்களை அது நன்றாக உடைக்கும். பென்சீனை ஏறக்குறையத் தொடாது. பிளீச்சிங் பவுடரும் அப்படியே. கிருமிக்குப் போடுவதை எண்ணெய்க்கும் போடலாம் என்று நினைத்து ஊதாவும் வெள்ளையுமாகக் கொட்டிய கிணறுகளுக்குக் குறைவில்லை.

உயிரியல் வழிக்கு வருவோம். 1972இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், அம்பிளர் என்ற ஊரில், குழாய் ஒழுகி பெற்றோல் தரைக்கீழ் நீரில் கலந்தது. ரிச்சர்ட் ரேமண்ட் என்பவரும் அவரது குழுவினரும் அங்கே புதிய பற்றீரியா எதையும் கொண்டுபோகவில்லை. கிணறுகளுக்குள் காற்றையும் நைதரசன், பொசுபரசு உப்புகளையும் செலுத்தினார்கள். ஏற்கெனவே அங்கிருந்த நுண்ணங்கிகள் பெருகி எரிபொருளைத் தின்றன. நிலத்துக்குள்ளேயே நடந்த உயிரியல் தூய்மையாக்கலின் முன்னோடி வேலை என்று அதைச் சொல்வார்கள். துறை முழுக்க இன்றும் அந்தப் பாதையில்தான் நடக்கிறது.

மண்ணில் எண்ணெய் தின்னும் பற்றீரியா இல்லாத இடம் அரிது. பற்றாக்குறை எதில் என்பதைச் சின்னக் கணக்கு ஒன்று காட்டும். ஒரு லீற்றர் டீசல் ஏறத்தாழ 840 கிராம். அதை முழுக்க எரித்து முடிக்க நுண்ணங்கிகளுக்கு மூன்று கிலோவுக்குக் கிட்டிய ஒட்சிசன் தேவை. நம் வெப்பநிலையில் காற்றுப்பட்ட தண்ணீர் லீற்றருக்கு 8 மில்லிகிராம் ஒட்சிசன்தான் பிடிக்கும். அப்படியென்றால் ஒரு லீற்றர் டீசலுக்கு மூன்றரை இலட்சம் லீற்றர் தண்ணீர்! அதே ஒட்சிசன் ஏறக்குறைய பதினொரு கனமீற்றர் காற்றில் இருக்கிறது. சின்ன அறை ஒன்றின் பாதிக் காற்று. எண்ணெய் மண்ணைத் தண்ணீர்விட்டு அலசுவதைவிட அதற்குள் மெல்லக் காற்றை ஊதுவது ஏன் சிறந்தது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அடுத்தது சாப்பாட்டுச் சமன். காபன் 100 பங்குக்கு நைதரசன் 10, பொசுபரசு 1 என்பது பழைய கைக்கணக்கு. அதன்படி ஒரு கிலோ டீசலுக்கு இருநூறு கிராமுக்குச் சற்றுக் குறைந்த யூரியா போதும். யூரியா மலிவு என்று அள்ளிக் கொட்டினால் அமோனியா ஏறி நுண்ணங்கிகளே செத்துவிடும். மிச்சம் நைத்திரேற்றாகிக் கிணற்றுக்குப் போகும். செய்கைப் பசளையால் யாழ்ப்பாணக் கிணறுகளில் நைத்திரேற்று ஏற்கெனவே போதுமான அளவு தலைவலி. எண்ணெயை எடுத்து நைத்திரேற்றைக் கொடுப்பது நல்ல பண்டமாற்று அல்ல.

காலநிலை நமக்குப் பெரிய சொத்து. குளிர்நாடுகளில் இந்த வேலை பனிக்காலத்தில் நின்றுவிடும். கொழும்பில் மண் ஆண்டு முழுவதும் 27, 28 பாகை; நுண்ணங்கிகளுக்கு அது நல்ல வெப்பம். மழைதான் எதிரி. நனைந்து நிரம்பிய மண்ணில் காற்றுக்கு இடம் கிடையாது, போட்ட பசளையும் கழுவுண்டு போகும். ஆகவே தோண்டிய மண்ணைச் சீமெந்துத் தளத்தின் மேல் குவித்து, அடியில் துளையிட்ட குழாய்கள் வைத்து, மேலே தறப்பாள் மூடி, காற்றை இழுக்கும் குவியல் முறையே இந்நகருக்கு ஏற்றது என்பது என் கணிப்பு. இழுத்த காற்றைக் கரி வடிகட்டியினூடாக விடவேண்டும். திறந்த வெளியில் பெற்றோல் மண்ணைப் பரப்பி உழுதுவிட்டு ‘உயிரியல் முறை’ என்பவர்களும் இருக்கிறார்கள். பெற்றோல் அங்கே தின்னப்படுவதில்லை. பக்கத்து வீட்டார் மூக்கு வழியே போய்விடுகிறது.

வெள்ளவத்தையின் கடற்கரைப் பக்க மணலில் கதை வேறு. மணலுக்குள் காற்று எளிதாகப் போகும். தோண்டாமலே குழாய் இறக்கிக் காற்றூட்டலாம். ஆனால் அதே மணலில் பெற்றோல் இறங்குவதும் வேகம்தான். இன்னொன்று: மாடிக்குடியிருப்புக்கு நிலக்கீழ்த் தரிப்பிடம் தோண்டுகிறவர்கள் இரவு பகலாகத் தண்ணீர் இறைக்கிறார்கள். அந்த இறைப்பு அயலில் எங்காவது மிதந்து கிடக்கும் எரிபொருளையும் தன் பக்கம் இழுக்கும். குற்றம் ஒரு காணியில், மணம் இன்னொரு காணியில்.

பற்றீரியாவைப் போத்தலில் அடைத்து விற்பவர்களைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். ஆனந்த மோகன் சக்கரவர்த்தி உருவாக்கிய எண்ணெய் தின்னும் பற்றீரியாவுக்குக் காப்புரிமை கிடைக்கலாம் என்று 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்ட வரலாற்றில் அது பெரிய தீர்ப்பு. அந்தப் பற்றீரியா எந்தக் கடற்கரையையும் துடைக்கப் போகவில்லை. 1989இல் அலாஸ்காவில் எக்ஸன் வால்டீஸ் கப்பல் எண்ணெயைக் கொட்டியபோது கரையில் பலன் காட்டியது பசளை. கூடுதலாகப் போட்ட பற்றீரியா அதைவிட மேலாக எதையும் செய்ததாக நிறுவப்படவில்லை. மறுபக்கம், இந்தியாவில் டெரி நிறுவனம் உருவாக்கிய ‘ஆயில்சாப்பர்’ பற்றீரியாக் கலவை, சோளப்பொத்தித் தூளில் ஏற்றி, எண்ணெய்க் கிணற்றுக் குழிகளிலும் சுத்திகரிப்பாலைகளின் எண்ணெய்ச் சேற்றிலும் பல ஆண்டுகளாகப் பயன்பட்டு வருகிறது. கெட்டியான எண்ணெய்ச் சேற்றில் ஊர் நுண்ணங்கிகள் போதாமல் போகலாம். அங்கே வெளியிலிருந்து போடுவதில் நியாயம் உண்டு. டீசல் நனைந்த சாதாரண மண்ணுக்குப் போத்தல் வாங்குகிறவர் முதலில் காற்றுக்குச் செலவழிக்கட்டும்.

இரண்டு வழியும் ஒன்றுக்கொன்று போட்டி என்பது பிழையான நோக்கு. முறை வரிசையில் இருக்கிறது. எண்ணெய் செறிந்த இடத்தில், நுண்ணங்கியே பிழைக்காத இடத்தில், முதலில் இரசாயனம். அது பெரிய மூலக்கூறுகளை வெட்டித் தின்னத்தக்கதாக ஆக்கும். பரவொட்சைட்டு சிதைந்து தரும் ஒட்சிசனும் பின்னால் உதவும். அளவு மிஞ்சினால் மண்ணின் உயிர்கள் அழிந்து, இரண்டாம் கட்டம் தொடங்க மாதங்கள் காத்திருக்க நேரும். ஆகவே சிறு அளவில், இடைவெளி விட்டு, பிஎச் திரும்பிய பிறகே பசளையும் காற்றும். நுண்ணங்கிகள் நேர்ச் சங்கிலி ஐதரோகாபனை முதலில் தின்னும், கிளைச் சங்கிலியைப் பிறகு, பல வளைய அரோமற்றிக்குகளைக் கடைசியில். தாராக இறுகிய பகுதி அப்படியே கிடக்கும். சுன்னாகத்தின் உலை எண்ணெய் போன்ற கனத்த எண்ணெயில் கணிசமான பங்கு இந்தப் பிடிவாதமான வகை. அதற்குப் பற்றீரியா மட்டும் போதும் என்று யாராவது உறுதி கொடுத்தால் சந்தேகிக்கலாம். அதிகம் கெட்ட மண்ணைத் தோண்டி, புத்தளம் சீமெந்து ஆலைச் சூளையில் எரிப்பதே சில வேளை நேர்மையான வழி. செலவு பெரிது.

நடந்ததா இல்லையா என்பதைக் கண்டறியவும் வழியுண்டு. பதினேழு காபன் கொண்ட நேர்ச்சங்கிலியும், அதோடு ஆய்வுகூடக் கருவியில் கிட்டக்கிட்ட வந்து விழும் பிறிஸ்ரேன் என்ற கிளைச்சங்கிலியும் ஏறக்குறைய ஒரே விதமாக ஆவியாகும், ஒரே விதமாகக் கழுவுண்டு போகும். ஆனால் நுண்ணங்கிக்கு முதலாவதுதான் பிடிக்கும். இரண்டின் விகிதம் குறைந்தால் தின்னப்பட்டிருக்கிறது. விகிதம் மாறாமல் மொத்த அளவு மட்டும் குறைந்தால், எண்ணெய் வேறெங்கோ போயிருக்கிறது. எண்ணெய் பழையதா புதியதா, போர்க்காலத்துக் கழிவா அண்மைக் கசிவா என்ற வழக்காடு மன்றச் சண்டைக்கும் இந்த விகிதம் ஒரு சாட்சி.

இதையெல்லாம் மேலோட்டமாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நைஜீரியாவின் ஒகோனிலாந்து உதாரணம். அங்கே மேல்மண்ணைக் கிளறி, பசளை போட்டு, முடிந்ததென்று சான்று கொடுத்துவந்தார்கள். 2011இல் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் அமைப்பின் ஆய்வு வந்தபோது, சில இடங்களில் ஐந்து மீற்றர் ஆழத்திலும் எண்ணெய் இருந்தது. ஓர் ஊரில் மக்கள் குடித்த கிணற்றில் பென்சீன், உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவைப்போல் 900 மடங்கு.

நம் நாட்டில் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம், நீரையும் வளியையும் போல மண்ணை மாசாக்குவதையும் பெயர் சொல்லித் தடுக்கிறது. ஆலைக் கழிவுநீரை ஆற்றில் விடுவதற்கு எண்ணெயும் கிறீசும் லீற்றருக்கு 10 மில்லிகிராம் என்ற வரம்பு எல்லோருக்கும் தெரிந்தது. மண்ணைப் பற்றிப் பேசும்போது அந்தத் தெளிவு பேச்சில் வருவதில்லை. நெதர்லாந்தில் ஒரு கிலோ உலர்மண்ணில் 5000 மில்லிகிராம் கனிய எண்ணெய் என்றால் தலையிட வேண்டும் என்பது வழக்கில் உள்ள எண். அது அவர்களுடைய மண்ணின் களியையும் சேதனப்பொருளையும் வைத்து வகுத்தது. கபுக்கல்லுக்கு அப்படியே பொருந்தாது. பள்ளிக்கூடக் காணிக்கு ஓர் எண், கராஜுக்கு ஓர் எண், குடிநீர்க் கிணறு உள்ள காணிக்கு ஓர் எண் என்று இங்கே வகுக்க வேண்டும். எண் இல்லாத இடத்தில் ‘சுத்தமாக்கிவிட்டோம்’ என்பது வெறும் வாய்வார்த்தை.

பழைய பெற்றோல் ஷெட், கராஜ், ஜெனரேற்றர் அறை இருந்த காணியைக் கொழும்பில் வாங்குகிறவர் உறுதியைப் பார்க்கிறார், வரைபடத்தைப் பார்க்கிறார், அயலவரின் எல்லைச் சண்டையைக்கூட விசாரிக்கிறார். மண்ணைத் துளையிட்டுப் பாருங்கள் என்று எந்த நொத்தாரிசும் சொல்வதில்லை. குறைந்தது தரைக்கீழ் நீர்மட்டம் வரை துளையிட்டு, ஆழத்துக்கு ஒன்றாக மாதிரி எடுத்து, அங்கே விற்கப்பட்ட எரிபொருளுக்கு ஏற்ற சோதனையைக் கேட்க வேண்டும். தூய்மையாக்கிய காணி என்றால் வேலை முடிந்த அன்றைய அறிக்கை போதாது. காற்றூதியை நிறுத்தி, ஒரு மழைக்காலம் கழிய விட்டு, நீர்மட்டம் ஏறி நிற்கும் நவம்பரில் எடுத்த மாதிரியின் அறிக்கையைக் கேளுங்கள். ஒட்டிக்கிடந்த எண்ணெய் திரும்பக் கரைந்து வருவதாக இருந்தால், அப்போதுதான் வரும்.